கூட்டம் முடியும்வரை மாணவி

விடுதி முழுக்க ‘வக்கீல்’ என்று கூப்பிடப்பட்ட அந்தப் பெண் படித்தது புள்ளியியல். யாரோடும் எதற்கும் வாதாடுவாள் என்பதால் வந்த பட்டம். இனி அவளுக்குக் கிடைக்கப்போகும் ஒரே பட்டமும் அதுதான் போலிருந்தது. கடைசிப் பருவக் கட்டணம் கட்டாததால் அவள் பெயர் மாணவர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டதாக அன்று காலை அறிவிப்புப் பலகை சொன்னது. திங்கட்கிழமை இறுதித் தேர்வு.

கல்விக் கடன் தருவதாகச் சொன்ன வங்கி, அவள் மாணவிதான் என்பதற்குச் சான்றிதழ் கேட்டது. சான்றிதழ் கேட்டுப் போனால், முதலில் கட்டணத்தைக் கட்டு என்றது பல்கலைக்கழகம். இரு தரப்பாரும் மிக மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

அவள் பெட்டியில் துணியை அடுக்கிக்கொண்டிருந்தபோது, காப்பாளர் அறைக்குப் பதிவாளரே வந்து உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார்கள். விடுதிக் கூரை பெயர்ந்து விழுந்தபோதுகூட அந்தப் பக்கம் எட்டிப்பார்க்காத மனிதர்.

“என்னம்மா நீ, அங்க எல்லாரும் காத்துட்டிருக்காங்க. இன்னிக்குத்தானே கட்டணச் சீர்திருத்தக் குழு.”

“அதுக்கு மாணவப் பிரதிநிதிதானே சார் வேணும்? நான் மாணவியே இல்லையாமே. அந்த அறிவிப்புக்குக் கீழ உங்க கையெழுத்துதான் இருக்கு.”

“நூறு பேப்பர் வருது, போடுறேன். ஒவ்வொண்ணா பார்த்துட்டா இருக்க முடியும்?”

மாணவப் பிரதிநிதி நாற்காலியில் இல்லாமல் எடுக்கும் முடிவு செல்லாது என்று விதி. மாணவர்களைக் கௌரவிக்க யாரோ எப்போதோ போட்டது. அந்தப் பதவிக்கு வேறு யாரும் நிற்காததால் வக்கீல் போட்டியின்றித் தேர்வாகியிருந்தாள். குழுவின் பரிந்துரையோ அன்று மாலைக்குள் அரசுக்குப் போயாக வேண்டும்.

“அப்ப கட்டணம் கட்ட முடியாதவ வந்து உட்காராம கட்டணத்தை ஏத்த முடியாதா சார்?”

“வக்கீல் மாதிரி பேசாதம்மா.”

“எல்லாரும் என்னை அப்படித்தான் சார் கூப்பிடுறாங்க. வரேன். எழுத்துல குடுத்துடுங்க.”

பதிவாளர் கணக்கான மனிதர். தேவைக்குமேல் ஒரு நிமிடம்கூட அவளை மாணவியாக வைத்துக்கொள்ள அவருக்கு இஷ்டமில்லை. ‘குழுவின் கூட்டம் முடியும்வரை இவர் மாணவியாகக் கருதப்படுவார்’ என்று எழுதி, முத்திரையை வரவழைத்துக் குத்திக் கொடுத்தார்.

குழுத் தலைவர் ஒரு கல்விச் சிந்தனையாளர். சிந்தித்தே மூன்று பல்கலைக்கழகங்களை நட்டத்தில் கொண்டுபோய் விட்டவர்.

“நாம கட்டணத்தை உயர்த்தல” என்றார். “மாணவர்கள் மேல நாம வெச்சிருக்கிற நம்பிக்கையை உயர்த்துறோம்.”

நம்பிக்கை நாற்பது சதவீதம் உயர இருந்தது. கட்ட முடியாதவர்களுக்கு ‘எதிர்காலத் தோழன்’ என்ற புதிய கடன் உண்டு. அதைப் பெற என்ன தேவை என்று வக்கீல் கடைசிப் பக்கத்தில் தேடினாள். கட்டணப் பாக்கி ஏதுமில்லை என்ற சான்று தேவையாம்.

மற்ற உறுப்பினர்கள் அறிக்கையின் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமலே தலையாட்டினார்கள்.

“எல்லாருக்கும் சம்மதம்தானே? முடிச்சுக்கலாமா?” என்றார் தலைவர்.

முடித்தால் அவள் நேராகப் போய்ப் பெட்டியைத் தூக்க வேண்டியதுதான். கையை உயர்த்தினாள்.

“ஐயா, அறிக்கையை நான் இன்னும் படிக்கல. முழுசாப் படிச்சுட்டுச் சொல்றேனே.”

“ஒரு பக்கத்துல சுருக்கம் இருக்கேம்மா” என்றார் பதிவாளர்.

“சுருக்கத்துல ஐயாவோட சிந்தனை வராதே சார்.”

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். இரண்டு வருடம் உட்கார்ந்து எழுதிய அறிக்கை. அவர் வீட்டில்கூட அதை யாரும் தொட்டதில்லை.

“எந்த அத்தியாயத்துலம்மா சந்தேகம்?”

“முதல் அத்தியாயத்துலேருந்தே ஐயா. ஒரு ரெண்டு மாசம் குடுத்தீங்கன்னா அடிக்குறிப்பு வரைக்கும் பார்த்துடுவேன்.”

“ஐயா, இன்னிக்கே அரசுக்கு அனுப்பணும்” என்று பதிவாளர் குறுக்கிட்டார்.

“அரசு படிக்கவா போகுது? படிக்கிறேங்கிற பொண்ணு படிக்கட்டும். கூட்டத்தை ஒத்திவைக்கிறேன்.”

“ஒத்திவைப்புன்னே குறிப்புல எழுதிடுங்க சார்” என்றாள் வக்கீல். “முடிஞ்சதுன்னு எழுதிடாதீங்க.”

பதிவாளரின் பேனா அந்த இடத்தில் நின்றது. காலையில் தான் எழுதிக் கொடுத்த வரி அவருக்கு வார்த்தை பிசகாமல் நினைவிருந்தது.

தாழ்வாரத்தில் அவளைப் பிடித்தார். “அந்த உத்தரவை நான் ரத்து பண்ணிட்டா?”

“பண்ணுங்க சார். அடுத்த தடவை கூடும்போது அந்த நாற்காலியில யாரை உட்கார வைப்பீங்க?”

பதிவாளர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

“என்ன வேணும் உனக்கு?”

“தேர்வு நுழைவுச் சீட்டு. பேங்குக்கு ஒரு சான்றிதழ்.”

“குடுக்கிறேன். அறிக்கையை எப்ப படிச்சு முடிப்ப?”

“ரிசல்ட் வந்ததும் சார்.”

“பாஸ் பண்ணிடுவியா?”

“பண்ணலேன்னா இன்னும் ஒரு வருஷம் படிக்க வேண்டியதுதான் சார். ரெண்டையும்.”

அன்று மாலை, மூன்று வருடமாக எழுதிக் கேட்டும் வராத டியூப்லைட் அவள் அறைக்கு வந்தது. மாட்ட வந்தவர், மேசைமேல் வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று பார்த்துவிட்டு வரச்சொல்லிப் பதிவாளரின் உத்தரவு என்றார்.