பட்டாணி காத்திருக்காது

எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் எனக்குப் பட்டாணி என்று பெயர். பக்கத்து அறைக்காரருக்குப் பேரிக்காய். யார் வைத்தார்களோ தெரியாது, கனகச்சிதமாகப் பொருந்திவிட்டது.

எனக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. அதனால்தான் பரம்பரைக் குணங்களை ஆராய வந்தபோது பட்டாணியைப் பிடித்துக்கொண்டேன். விதைத்தால் மளமளவென்று வளரும், சின்னத் தொட்டி போதும், செடிக்குச் செடி கை நிறைய விதை. விதை ஒன்று உருண்டையாக இருக்கும், இல்லையென்றால் சுருங்கியிருக்கும்; வழவழா கொழகொழா பதில் கிடையாது. பூவும் இதழை மூடிக்கொண்டு தன் மகரந்தத்தாலேயே கருவுற்றுவிடும், எந்தத் தேனீயும் வந்து கணக்கைக் குழப்பாது. இத்தனை வசதி செய்துகொடுக்கிற செடியை விட்டுவிட்டு, விதை போட்டு ஏழெட்டு வருடம் கழித்துப் பூக்கிற பேரி மரத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறார் அந்த மனிதர். கேட்டால், "பூக்கும்போது பூக்கட்டும்" என்பார்.

அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவருக்கும் என்னைப் பிடிக்கும் என்பது என் தொட்டிகளுக்குக் கூடத் தெரியும். நான் விடுப்பில் போனால் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவார். மூக்குக்கண்ணாடியை எங்கேயாவது வைத்துவிட்டு நான் தவித்தால் தேடி எடுத்துத் தருவார். மூன்று வருடமாக இதேதான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை? ம்ஹூம்.

"நீயே கேட்டுத் தொலையேன்டி" என்று அம்மா போனில் சலித்துக்கொள்வாள். எல்லாவற்றிலும் முந்திக்கொள்கிற எனக்கு, இதில் மட்டும் அவர் முந்த வேண்டும் என்று ஒரு வீம்பு.

போன வாரம் மாற்றல் உத்தரவு வந்தது. வெள்ளிக்கிழமை வேறு ஊருக்குக் கிளம்ப வேண்டும். அவரிடம் சொன்னேன். "அப்படியா" என்றார். அவ்வளவுதான்.

புதன்கிழமை காலை, மிச்சமிருந்த கலப்பு வேலைக்கு உதவுகிறேன் என்று வந்தார். உருண்டை விதைச் செடியின் மொட்டைப் பிரித்து, மகரந்தப் பைகளை இடுக்கியால் கிள்ளி எடுத்துவிட்டு, சுருங்கிய விதைச் செடியின் மகரந்தத்தை அதில் தடவ வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு வரிசை முழுக்கச் செய்து முடித்தார். போய்ப் பார்த்தேன். அவர் தொட்டதெல்லாம் மறுநாள் விரியப்போகிற, நன்றாக உப்பிய மொட்டுகள். உள்ளே மகரந்தம் முன்பே கொட்டிக் கிடந்தது.

"என்ன பண்ணி வெச்சிருக்கீங்க? இதெல்லாம் தன்னாலேயே சூல் பிடிச்சாச்சு."

"மொட்டு நல்லா உப்பியிருக்கான்னு பார்த்துதான் எடுத்தேன். பேரியில அப்படித்தானே செய்வோம்."

"அது பேரி, இது பட்டாணி. பச்சை மொட்டா இருக்கும்போதே கை வைக்கணும். நீங்க பார்த்துக்கிட்டே இருந்தா அது உங்களுக்காகக் காத்திருக்குமா?"

சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. மொட்டுக்காக யாரும் அப்படி அழ மாட்டார்கள் என்று அவருக்கே புரிந்தது. இடுக்கியைக் கீழே வைத்தார்.

"நானும் உங்ககூட வரட்டுமா?" என்றார். பிறகு, "கல்யாணம் பண்ணிக்கிட்டு" என்றார்.

என் வீம்பு போன இடம் தெரியவில்லை. பயம்தான் வந்தது. "உங்க மரங்க? அடுத்த வருஷம்தானே முதல் பூ?"

"கிளை வெட்டிட்டு வந்து அங்க ஒட்டுக் கட்டிடலாம். அந்த நிலையத்துல எனக்கு வேலை கேட்டு வெச்சிருக்கேன்."

"உத்தரவே போன வாரம்தானே வந்துச்சு?"

"எந்த ஊர்னு தெரியாதுல்ல. அதான் நம்ம நிலையங்க எல்லாத்துலயும் கேட்டு வெச்சேன். இங்க மூணு வருஷம்தான்னு நீங்க வந்த புதுசுல சொன்னீங்களே, அப்பவே."

"அதை என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன்" என்றார் சாவகாசமாக.

அந்த மூன்று வருடத்துக்குள் என் பட்டாணிகள் கொள்ளுப்பேரன் பேத்தியே எடுத்துவிட்டன. அவர் காதைப் பிடித்துத் திருகலாம் போலிருந்தது. திருகவில்லை. மகரந்தம் ஒட்டியிருந்த அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.