பழைய விண்டோஸும் கமறியாவின் இறால் குஞ்சுகளும்

முந்தல் களப்பின் உப்புநீர் ஓரத்தில் இறால் வளர்ப்பவர்கள் சங்கம் அமைத்து நடத்திய சிறிய பரிசோதனைக் கூடத்தில் தயானி ஆறு வருடங்களாக வேலை செய்தாள். தினமும் உடப்பிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். குளத்தில் விடுவதற்கு முன் இறால் குஞ்சுகளை நுணுக்குக்காட்டியில் பார்த்து, விடலாமா கூடாதா என்று எழுதிக் கொடுப்பதுதான் வேலை. வெள்ளைப் புள்ளி நோய்க்கான சோதனையை அரசாங்க ஆய்வுகூடம் செய்தது. அந்தச் சான்றிதழோடு வருகிற குஞ்சுகளிலும் ஒட்டுண்ணி பிடித்தவை, இரை எடுக்காதவை இருக்கும். அவற்றைக் கண்டுபிடிக்கத்தான் இந்தக் கூடம்.

நுணுக்குக்காட்டியில் கண் வைத்துப் பார்க்கும் கண்ணாடிகளில் பூஞ்சணம் பிடித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதன் தலையில் பொருத்திய கமரா மட்டும் தெளிவாகக் காட்டும். படம் கணினித் திரையில் விழும். பண்ணைக்காரர்கள் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தங்கள் குஞ்சுகளின் குடலையும் செவுளையும் தாங்களே பார்த்துவிட்டுப் போவார்கள்.

அந்தக் கணினி ஒரு காலையில் எழும்பவேயில்லை. தயானி பெட்டியைக் கழற்றிப் பார்த்தாள். மதர்போர்டில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. டிஸ்க்கும் போய்விட்டிருந்தது.

சங்கத்தின் செயலாளர் அத்தாஉல்லா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு மூணு மாசத்துக்கு மூடி வெப்பம். பொறகு பாப்பம்" என்றார்.

"நானா, மூணு மாசம் மூடினா ஆக்கள் பாக்காமலே குஞ்சு விடப் பழகிடுவாங்க. பிறகு திறந்தும் பிரயோசனமில்ல."

அவர் யோசித்தார். புத்தளம் டவுனில் கணினிக் கடை வைத்திருந்த ரிஷாத்திடம் பாவித்த பாகங்களை வாங்கிப் புதிதாக ஒன்று பொருத்தலாம் என்று தயானி சொன்னாள். என்னென்ன வேண்டும் என்று அவளே எழுதிக் கொடுத்தாள். அடுத்த செவ்வாய்க்கிழமை காலை, கறுப்புப் பெட்டி ஒன்று முச்சக்கர வண்டியில் வந்து இறங்கியது. முன்னால் இரண்டு, பின்னால் ஆறு என்று யூ.எஸ்.பி. போர்ட்டுகள். எல்லாமே வேகமான நீல நிறப் போர்ட்டுகள். புதிய விண்டோஸ் கண் இமைக்கிற நேரத்தில் எழும்பியது.

தயானிக்குச் சந்தோஷம் பத்து நிமிடம்தான். கமராவின் மென்பொருள் புதிய விண்டோஸில் ஏறவில்லை. கமராவைச் செய்த கொம்பனி எப்போதோ மூடப்பட்டுவிட்டது. மேசை லாச்சியில் கிடந்த சீடி ஒன்றுதான் மிச்சம், அதுவும் விண்டோஸ் 7-இல் மட்டுமே வேலை செய்யும்.

ரிஷாத்துக்கு அழைத்தாள்.

"புதுக் கமரா ஒண்டு எடுங்களேன்" என்றான்.

"சங்கம் அதுக்குச் சம்மதிக்காது."

"அப்ப ரெண்டையும் வெச்சிக் கொள்ளுங்க. உங்கட பழைய பெட்டில டீவீடி டிரைவ் இரிக்கிதுதானே? அதக் கழட்டிப் போடுங்க. பெட்டியோட மேலதிகமா ஒரு டிஸ்க் தந்திரிக்கன், அதையும் போட்டு அதுல பழைய விண்டோஸ ஏத்துங்க. ஓன் பண்ணக்குள்ள எது வேணுமெண்டு எடுத்துக் கொள்ளலாம்."

அவள் திருப்புளியைக் கையில் எடுத்த நேரத்தில்தான் கமறியா வந்தாள்.

கமறியாவுக்கு ஐம்பது வயது இருக்கும். கனமூலைக்காரி. கணவர் லத்தீப் மதுரங்குளியில் இரும்புக் கடையைப் பார்த்துக்கொள்ள, இரண்டு இறால் குளங்களும் கமறியாவின் பொறுப்பில் இருந்தன. போன வருடம் தயானியின் தம்பி உமாசுதனின் கலியாணத்துக்காகக் கூடம் ஒரு கிழமை, ஏழு நாளும், பூட்டிக் கிடந்தது. அந்தக் கிழமையில் கமறியாவுக்குக் குஞ்சு வந்தது. பார்க்காமலே விட்டாள். இரண்டு மாதம் முடிவதற்குள் இரண்டு குளத்து இறால்களும் செத்து மிதந்தன. தயானி அதைக் கேள்விப்பட்டபோது கமறியாவைத் தேடிப் போக நினைத்தாள். போகவில்லை. அதன் பிறகு இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொள்வது இதுதான் முதல் தடவை.

"வியாழக்கிழம குஞ்சு வருது, புள்ள" என்றாள் கமறியா. "இந்த முற பாக்காம நான் எறக்க மாட்டன்."

தயானி திறந்து கிடந்த பெட்டியைக் காட்டினாள். "ராத்தா, இது இன்னும் சரிவரல்ல. வியாழனுக்குள்ள செய்யப் பாக்கிறன். வாக்குத் தர ஏலாது."

"அப்ப நான் இதுல ஒக்காந்து கொள்றன்" என்று கமறியா கதிரையில் அமர்ந்தாள். "ஊட்டுல இருந்தா மனசு கெடந்து அடிக்கிது."

தயானி பழைய பெட்டியின் டீவீடி டிரைவைக் கழற்றிப் புதியதில் பொருத்தினாள். ரிஷாத் தந்த இரண்டாவது டிஸ்க்கையும் மாட்டினாள். தவறிப்போய் எதையும் அழித்துவிடக் கூடாது என்று புதிய விண்டோஸ் இருந்த டிஸ்க்கின் வயரைக் கழற்றி ஒதுக்கிவைத்தாள். பழைய கணினியோடு வந்திருந்த விண்டோஸ் டீவீடியைப் போட்டதும், ஏதாவது ஒரு விசையை அழுத்து என்று திரை கேட்டது. அழுத்தினாள். ஏற்றுக்கொண்டது. நீலத் திரை வந்து, எந்த மொழி என்று கேட்டது. அங்கேதான் எல்லாம் நின்றது. கீபோர்ட்டின் சின்ன வெளிச்சம் அணைந்தது. மவுஸும் இருண்டது.

வேறு போர்ட்டில் போட்டுப் பார்த்தாள். எட்டுப் போர்ட்டுகளிலும் அதே கதை. கீபோர்ட் பழுதோ என்று கணினியை நிறுத்திப் போட்டாள். தொடக்கத்தில் கீபோர்ட் நன்றாக வேலை செய்தது. பழைய விண்டோஸ் எழும்பியதும் செத்தது.

"என்ன புள்ள அது?" என்றாள் கமறியா.

தயானி குனிந்து நீலப் போர்ட்டுகளைப் பார்த்தாள். பிறகு தனக்கே சொல்வதுபோல் சொன்னாள். "இந்தப் போர்ட்டுகள் எல்லாம் புதுசு ராத்தா. வேகமானது. பழைய விண்டோஸ் வந்த காலத்தில இது பரவலா இல்ல. அதுக்கு இதத் தெரியாது. தெரிய வைக்கிற மென்பொருள் ஒண்டு இருக்கு, டிரைவர் எண்டு. அத ஏத்தினாச் சரி. ஆனா ஏத்துறதுக்குக் கீபோர்ட் வேணும். கீபோர்ட் வேலை செய்யிறதுக்கு அது வேணும்."

"ஆ" என்றாள் கமறியா. அவளுக்கு விளங்கியிருந்தது.

பகல் சாப்பாட்டு நேரம் தாண்டியது. கமறியா பாணும் சம்பலும் கொண்டுவந்திருந்தாள். இருவரும் சாப்பிட்டார்கள். தயானி கை கழுவிவிட்டு வந்து, பெட்டியைத் திருப்பி, டோர்ச் அடித்து அதன் முதுகைப் பார்த்தாள். நீலப் போர்ட்டுகளுக்கு மேலே, ஒரு மூலையில், பாதி ஊதாவும் பாதி பச்சையுமாக ஒரு வட்டத் துளை இருந்தது. அந்தக் காலத்துக் கீபோர்ட்டுகளுக்கானது. யாரும் பாவிக்காத ஒன்று. யூ.எஸ்.பி.க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பழைய விண்டோஸுக்கு அதை நன்றாகத் தெரியும்.

அப்படியொரு கீபோர்ட்டை எங்கேயோ கண்ட ஞாபகம் அவளுக்கு. களஞ்சிய அறையில் கிழிந்த வலைகளுக்கும் வெறும் தீன் பைகளுக்கும் அடியில் தேடினார்கள். கமறியாதான் கண்டெடுத்தாள். விசைகளுக்கு நடுவே பல்லி முட்டைக் கோதுகள் இருந்தன. முந்தானையால் துடைத்துக் கொடுத்தாள்.

கணினியை நிறுத்தி, அதை மாட்டி, திரும்பவும் போட்டாள். மொழி கேட்கும் திரை வந்தது. கீழ் அம்பை அழுத்தினாள். தெரிவு ஒரு வரி இறங்கியது.

"ஓம்" என்றாள் தயானி, யாரும் எதுவும் கேட்காமலே.

மவுஸ் இல்லாமல், ஒவ்வொரு இடமாகத் தாவித் தாவி, மாலைக்குள் பழைய விண்டோஸை ஏற்றி முடித்தாள்.

புதன்கிழமை அவள் வருமுன்பே கமறியா வாசலில் நின்றாள். டிரைவரைப் பென் டிரைவில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள் தயானி. பென் டிரைவைச் செருகிய பிறகுதான், அதுவும் அதே போர்ட் வழியாகத்தான் வர வேண்டும் என்பது உறைத்தது. பழைய விண்டோஸ் அதைக் காணவேயில்லை. இன்டர்நெட்டும் வேலை செய்யவில்லை. டீவீடியில் எழுதிக் கொடுக்கலாம் என்றால், அந்த டிரைவுக்கு வாசிக்க மட்டும்தான் தெரியும்.

அவள் கீபோர்ட்டைத் தள்ளிவைத்துவிட்டு முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டாள்.

"ராத்தா, நான் போன வருசம் வந்து உங்களக் கண்டிருக்கணும்" என்றாள். கைகளை எடுக்காமலே சொன்னாள். "குளம் போன நேரம்."

கமறியா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எனக்கும் ஒன்னோட கோவம் இரிந்திச்சி" என்றாள். "பொய் சொல்லப் போறல்ல. ஒரு மாசம் போல இரிந்திச்சி. பொறகு யோசிச்சன், கலியாண ஊட்டுல நிக்கிற புள்ளய நான் ஒரு கோல் எடுத்துக் கேக்கவுமில்லயே எண்டு. ஒரு கெழம பொறுத்திரிக்கலாம். பொறுக்கல்ல. அவசரம் என்னோடது."

தயானி முகத்தைத் துடைத்தாள்.

"இப்ப சொல்லு" என்றாள் கமறியா. "புதுசு அந்தச் சாமான வாசிக்கும்தானே?"

"வாசிக்கும்."

"ரெண்டும் ஒரே பெட்டிக்குள்ளதானே இரிக்கிது?"

தயானி அவளைப் பார்த்தாள். பிறகு எழுந்து, ஒதுக்கிவைத்த வயரை எடுத்துப் புதிய விண்டோஸின் டிஸ்க்கில் மாட்டினாள். கணினி நேராகப் பழையதற்கே போனது. ஒரு கணம் பயந்துபோனாள். ரிஷாத்துக்கு அழைத்தபோது, "ஓன் பண்ணின உடனே எஃப் பன்னிரண்ட அமத்துங்க, எந்த டிஸ்க் எண்டு கேக்கும்" என்றான். கேட்டது. புதியதைத் தேர்ந்தெடுத்தாள். அது பென் டிரைவைக் கண்டது, பக்கத்தில் இருந்த பழைய டிஸ்க்கையும் கண்டது. டிரைவரை ஒன்றிலிருந்து மற்றதற்கு நகல் எடுத்து வைத்தாள். திரும்பவும் நிறுத்தி, பழையதற்குள் போய், அம்பு விசைகளாலேயே அதைத் தேடித் திறந்து ஏற்றினாள். மீண்டும் ஒருமுறை நிறுத்திப் போட்டதும், மேசையில் கிடந்த மவுஸின் வயிற்றில் சிவப்பு வெளிச்சம் வந்தது.

சீடியைப் போட்டுக் கமராவின் மென்பொருளையும் ஏற்றினாள். படம் வந்தது. ஆனால் குறுக்கே பச்சைக் கோடுகள் ஓடின. சில விநாடிகளில் படம் நின்றுபோகும், பிறகு வரும். ஒவ்வொரு போர்ட்டாக மாற்றினாள். எல்லாவற்றிலும் கோடுகள். டிரைவர் பிழையோ என்று அதை எடுத்துவிட்டுத் திரும்ப ஏற்றினாள். அதே கோடுகள்.

எல்லாப் போர்ட்டுகளிலும் ஒரே மாதிரி என்றால் பிழை போர்ட்டில் இருக்க முடியாது என்று பிறகு தோன்றியது. நுணுக்குக்காட்டி ஜன்னலோரத்தில் இருந்தது, கணினி மறுபக்கச் சுவரோரம். நடுவில் ஒரு நீட்டல் வயர். அதன் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். உள்ளே பித்தளை பச்சையாகிப்போயிருந்தது. அந்த வயரைக் கழற்றி வீசிவிட்டு, இருவரும் மேசையை ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கி ஜன்னலருகே கொண்டுபோனார்கள். கமராவை நேராகச் செருகினாள். கண்ணாடித் தட்டில் களப்புத் தண்ணீர் ஒரு துளி விட்டாள். திரையில் ஏதோ ஒரு சின்ன உயிர் மயிர்க்கால்களை அடித்துக்கொண்டு போனது. ஒரு கோடும் இல்லை.

கமறியா கதிரையை இழுத்துப் போட்டு, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு குஞ்சு லொறி வந்தது. ஒட்சிசன் ஊதிய பொலித்தீன் பைகளில் குஞ்சுகள். கொண்டுவந்தவர் பொரிப்பகத்தின் விற்பனையாள் றஸீன். தயானி மூன்று பைகளிலிருந்து எடுத்துப் பார்த்தாள். முதல் குஞ்சின் குடலில் ஒன்றுமே இல்லை. செவுளில் சின்னச் சின்ன மணிகளைத் தொங்கவிட்டதுபோல ஒட்டுண்ணிகள். இருபது குஞ்சுகளில் பதின்மூன்று அப்படி.

"சேட்டிபிகேட் இரிக்கிதே" என்றார் றஸீன், தாளை நீட்டி.

"அது வைரசுக்கு" என்றாள் தயானி. "அது சரி. நான் சொல்றது வேற. நீங்களே பாருங்க."

றஸீன் குனிந்து திரையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"குளத்துல விட்டா சரியாகிடும்" என்றார் மெதுவாக.

"சேட்டிபிகேட்ட நான் கொளத்துல விடுறல்ல, தம்பி" என்றாள் கமறியா. "இதத்தான் விடுற. இத விட மாட்டன்."

றஸீன் தொலைபேசியில் திரையைப் படமெடுத்து முதலாளிக்கு அனுப்பினார். வெளியே போய் நீண்ட நேரம் கதைத்தார். திரும்பி வந்து, திங்கட்கிழமை வேறு தொட்டிக் குஞ்சு தருவதாகச் சொல்லி, பைகளை ஏற்றிக்கொண்டு போனார்.

கமறியா அவர் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெறுங்கையோடு வீட்டுக்குப் போகிறவளின் முகம்போல அது இல்லை.

திங்கட்கிழமை வந்தவை வேறு மாதிரி இருந்தன. கிண்ணத்தில் தண்ணீரைச் சுழற்றிவிட்டபோது நீரோட்டத்தை எதிர்த்து நீந்தின. ஒவ்வொன்றின் முதுகிலும் நிறைந்த குடல் கறுப்பு நூல்போல ஓடியது. தயானி இருபதைப் பார்த்து, போதாமல் இன்னும் இருபதைப் பார்த்து, 'விடலாம்' என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

"நீயும் வா" என்றாள் கமறியா.

ஆறு வருடத்தில் தயானி எவருடைய குளத்துக்கும் போனதில்லை. அன்று கூடத்தைப் பூட்டி, பின்னேரம் நான்கு மணிக்குத் திறப்பதாக ஒரு துண்டை ஒட்டிவிட்டு, லொறியின் பின்னால் ஸ்கூட்டியில் போனாள். பைகளைக் குளத்தில் மிதக்கவிட்டு, உள்ளேயும் வெளியேயும் ஒரே சூடாகும்வரை வரம்பில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். அத்தாஉல்லாவிடமிருந்து அழைப்பு வந்தது. இன்னும் இரண்டு பண்ணைக்காரர்கள் குஞ்சோடு வருவதாகவும், நாலு மணிக்கு வரச் சொல்லவா என்றும் கேட்டார்.

"ஓம் நானா, சொல்லுங்க" என்றாள்.

கமறியா முழங்கால் தண்ணீரில் இறங்கி, முதல் பையின் வாயை அவிழ்த்து, பிஸ்மி சொல்லிச் சரித்தாள். குஞ்சுகள் தண்ணீரில் கலந்து கண்ணுக்குத் தெரியாமல் போயின. தயானி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, அடுத்த பையைத் தூக்கிக்கொண்டு அவளருகே இறங்கினாள்.