யாகோப் அன்று சொன்னது

யாகோபினே மரச்சுத்தியலால் மோட்டார் மூடியைத் தட்டிக்கொண்டிருந்தாள். தெறித்த கடல்நீர் விழுந்த இடத்திலேயே உறைந்து, மூடி மேல் விரல் கனத்துக்குப் பனிக்கட்டி ஏறியிருந்தது. ஒரு கை சுத்தியலில், மறு கை சுக்கானில். கண் மட்டும் மோட்டாரின் பக்கவாட்டில் இருந்த சின்னத் துளையில். அதிலிருந்து, எஞ்சினைக் குளிர்வித்த தண்ணீர் நூலாகப் பீச்சிக்கொண்டிருக்கும்வரை கவலையில்லை. அது நின்றால் எஞ்சின் வெந்துபோகும்.

"மூத்திரம் போகுதா?" என்று படகின் முன்னாலிருந்து கத்தினான் அவள் கணவன் லார்சி. எங்கள் பக்கம் அதற்கு அதுதான் பெயர்.

"போகுது. உன்னைவிட நல்லாவே போகுது."

லார்சி சிரித்துக்கொண்டே கழியால் கடல்மேல் மிதந்த கூழ்ப்பனியை ஒதுக்கினான். இருவருக்கும் நடுவில், மான்தோல் விரித்து, மூன்று கம்பளிகளுக்கு அடியில் படுத்திருந்தார் அவள் அப்பா ஏனோக்.

மலையின் இடுப்புவரை மேகம் இறங்கியிருந்ததால் ஹெலிகாப்டர் வராதென்று காலையிலேயே சொல்லிவிட்டார்கள். நூக்கில் மழையாம், வானொலி சொன்னது. தலைநகரத்துக்குத் தனி வானம். இங்கே பூஜ்ஜியத்துக்குக் கீழே இருபத்துமூன்று. "நெஞ்சுல நீர் கோத்திருக்கு, மத்தியானத்துக்குள்ள ஆஸ்பத்திரியில சேர்த்துட்டா பார்க்கலாம்" என்றாள் ஊர் நர்ஸ். கடல்வழி மூன்று மணி நேரம். பாதி கடந்தாயிற்று.

இந்தக் குளிரில் நின்ற மோட்டார் மறுபடி ஓடும் என்று யாரும் எழுதித் தரமாட்டார்கள். ஏனோக் எந்தக் குளிர்காலத்திலும் கிளப்பிய மோட்டாரை நடுவில் நிறுத்தியதில்லை. ரொட்டி வாங்கக் கடைக்குப் போனாலும் அது கரையோரம் உறுமிக்கொண்டே கிடக்கும். "இந்த ஆளைப் பொதைக்கிற அன்னிக்கும் மோட்டார் ஓடிக்கிட்டுதான் இருக்கும்" என்று ஊரே கிண்டலடிக்கும். இளவயதில் தன் அப்பா யாகோப்பை இதே வழியில், இதே போன்ற குளிரில், அந்தக் காலத்துச் சின்ன மோட்டாரில், ஐந்து மணி நேரம் நிற்காமல் ஓட்டிக்கொண்டு போனவர் அவர். யாகோப் பிழைக்கவில்லை. ஆனாலும் அந்த ஓட்டத்தைப் பற்றிப் பேசாத காப்பி விருந்து எங்கள் ஊரில் கிடையாது.

யாகோப் இறந்த நான்காம் மாதம் யாகோபினே பிறந்தாள். தாத்தாவின் பெயரையே அவளுக்கு வைத்தார்கள். பெயர் வந்தால் பெயருக்குரியவரும் வந்துவிட்டார் என்பது எங்கள் நம்பிக்கை. தொட்டிலிலிருந்தே அவளை ஏனோக் "அப்பா" என்றுதான் கூப்பிட்டார், அவள் அவரை "மகனே" என்றாள். ஐந்து வயதில் ஒருநாள், "இன்னிக்குக் கடலுக்குப் போகாதே" என்று சொல்லிவிட்டாள். அவர் பேசாமல் பூட்ஸைக் கழற்றிவிட்டார். அன்று நல்ல வெயில், ஊர் முழுக்க மீன். அம்மா கத்தித் தீர்த்தாள். "அப்பா சொன்னா சொன்னதுதான்" என்று அவர் உட்கார்ந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

கம்பளிக்குள்ளிருந்து அவர் கை வெளியே வந்து ஆடியது. யாகோபினே குனிந்து அவர் வாயருகே காதை வைத்தாள்.

"நிறுத்து."

"எதை?"

"மோட்டாரை."

"பேசாமப் படு மகனே. இன்னும் ஒன்றரை மணி நேரந்தான்."

"நாப்பத்தேழு வருஷமா நீ சொன்னதையெல்லாம் கேட்டேன்ல, அப்பா? இன்னிக்கு ஒண்ணே ஒண்ணு, நான் சொல்றதைக் கேளு."

"என்னவாம்?" என்று கத்தினான் லார்சி. அவள் சொன்னாள். "உங்க ரெண்டு பேருக்கும் கிறுக்கா? நின்னா இங்கயே உறைஞ்சிடுவோம்!"

அவளுக்கு அவரைச் சாக விட மனமில்லை. அதுதான் உண்மை. ஒன்றரை மணி நேரம் என்ற கணக்கை விட்டுவிட்டால் பிடித்துக்கொள்ள அவளிடம் வேறொன்றும் இல்லை. ஆனால் அவர் உதடு நீலம் பாரித்திருந்ததை அவள் பார்த்துவிட்டாள். மூச்சுக்கு நடுவே இடைவெளி கூடிக்கொண்டே போவதையும் பார்த்துவிட்டாள். மகளாக இருந்து மறுக்கலாம். பிள்ளை கேட்கும்போது தகப்பன் எப்படி மறுப்பது?

அவள் மோட்டாரை நிறுத்தினாள். காற்றைவிடக் கடல் சூடு, அதனால் மோட்டாரின் விசிறியைத் தண்ணீரிலிருந்து தூக்காமல், தன் மேலங்கியைக் கழற்றி மூடிமேல் போர்த்தினாள். லார்சி தலையில் அடித்துக்கொண்டான்.

சத்தம் போனதும் காது அடைத்ததுபோல இருந்தது. பிறகு கூழ்ப்பனி படகை உரசும் ஒலி மெல்லக் கேட்டது.

"சொல்லு மகனே."

"நீதான் சொல்லணும்." அவர் மூச்சுக்குக் காத்திருந்தார். "அன்னிக்கு உன்னைக் கொண்டுபோறப்ப, பாதி வழியில, தலையைத் தூக்கி என்னவோ சொன்னே. மோட்டார் சத்தத்துல எனக்குக் கேக்கல. நிறுத்தினா திரும்ப ஓடாதோன்னு பயம். கரைக்குப் போய்க் கேட்டுக்கலாம்னு இருந்துட்டேன்."

லார்சி கழியைக் கீழே வைத்தான். நூறு தடவை கேட்ட கதை. இந்தப் பகுதியை மட்டும் அவர் யாரிடமும் சொன்னதில்லை.

"என்ன சொன்னே, அப்பா?"

தெரியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவர் கேட்டதும் அவளை அல்ல, யாகோப்பை. இருபத்தைந்து வயதுப் பையன் ஒருவன் பனிக்காற்றுக்கு முகத்தைக் கொடுத்து ஐந்து மணி நேரம் சுக்கானைப் பிடித்திருக்கிறான். அவன் காலடியில் படுத்து, அவனையே பார்த்துக்கொண்டு போகும் ஒரு தகப்பன் என்ன சொல்லியிருப்பான்?

"உனக்குக் குளிருதாடான்னு கேட்டேன்."

அவர் அவளையே பார்த்தார்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவர் முகத்தில் இருந்த ஏதோ ஒன்று இறங்கிப்போயிற்று. கொஞ்சம் சிரித்த மாதிரிகூட இருந்தது.

"குளிரல, அப்பா."

அவள் அவர் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள். அவர் வாயிலிருந்து ஆவி சன்னமாக வந்துகொண்டிருந்தது. பிறகு வரவில்லை. இன்னொரு தரம் வரும் என்று அவள் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

லார்சி தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றான். படகைச் சுற்றிக் கூழ்ப்பனி தடித்துக்கொண்டு வந்தது. கடைசியில் அவன்தான் அவளைத் தாண்டிப் பின்னால் போனான். மேலங்கியை எடுத்து உதறி அவள் தோளில் போட்டான். பேட்டரி குளிரில் எப்போதோ செத்துவிட்டிருந்தது. மோட்டாரின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, இருபது முப்பது தடவையாவது இழுக்க வேண்டியிருக்கும் என்று காலை ஊன்றி நின்று இழுத்தான்.

முதல் இழுப்பிலேயே மோட்டார் பிடித்துக்கொண்டது. லார்சி கயிற்றை விடாமல் அப்படியே நின்றான். அவள் பக்கம் திரும்பவில்லை.