தையலுக்கு விட்ட பத்தடி

பூட்டுக்காரர் கடைக்கும் சலவைக்காரர் கடைக்கும் நடுவே பத்தடி அகலத்தில் ஒரு கடை, ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழே முக்கால் மணிக்கு இருந்தது. திங்கட்கிழமை மாலை அது இல்லை. பூட்டுக்காரர் கடை ஓர் அங்குலம்கூட நகரவில்லை, சலவைக்காரர் கடை ஒதுங்கி இடம் கொடுக்கவில்லை, தெருக்கோடி மின்கம்பம் நின்ற இடத்திலேயே நின்றது. அன்று மழை இல்லை. தண்ணீர் லாரி வழக்கம்போல அரை மணி தாமதம். கடைக்குச் சாம்பல் நிற ஷட்டர் போட்டிருந்தது. அதில் ஒரு பொட்டுத் துரு கிடையாது.

அந்தக் கடையைப் பற்றிப் பேசுமுன் அளவுக்காரியைப் பற்றிப் பேச வேண்டும். தெருவும் அந்த வரிசையில்தான் பேசியது. இரண்டு அறை வீட்டின் முன்னறையில் பதினோரு வருடமாகத் தையல் மிஷின் ஓட்டியவள். எதிரே யார் வந்தாலும் கழுத்து இத்தனை, தோள் இத்தனை, இடுப்பு இத்தனை என்று கண்ணாலேயே எடுத்துவிடுவாள்; அதில் வந்த பெயர் அது. அவள் வாசலைக் கடக்கும்போது வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும் ஆண்கள் உண்டு. இழுத்தது எத்தனை அங்குலம் என்பதும் அவளுக்குத் தெரியும். கைவேலையில் குறை சொல்ல ஆளில்லை. குறை வாயில் இருந்தது. கூலி எவ்வளவு என்று கேட்டால் போதும், பார்வை தரைக்குப் போய்விடும். "நீங்க பார்த்துக் குடுங்க" என்பாள். வந்தவர்கள் பார்த்தார்கள், அவரவர் கண்ணுக்குத் தெரிந்த அளவு கொடுத்தார்கள். வங்கி மேலாளரின் மனைவி இரண்டு சட்டைக்குக் கூலியாக ஒரு பழைய குடையை வைத்துவிட்டுப் போனதாகக் கேள்வி. "அண்ணிக்கு ஊர்ல எல்லாரோட சுற்றளவும் அத்துப்படி, தன் கூலி மட்டும்தான் தெரியாது" என்று நாத்தனார் வாய்க்குள் ஊசியை வைத்துக்கொண்டு பேசுவதுபோலப் பேசுவாள்.

இப்படியே ஓடியிருக்கும், கொழுந்தனுக்குக் கல்யாணம் நிச்சயமாகாமல் இருந்திருந்தால். மூன்று மாதத்தில் புதுப்பெண் வருவாள், முன்னறை அவர்களுக்கு. மாமியார் இதைப் பத்து முறை மென்று விழுங்கி, பதினோராவது முறை சொன்னார். மிஷினைச் சமையலறை மூலையில் போட்டுக்கொள்ளலாம் என்றார். அளவுக்காரி மூலையைப் பார்த்தாள். நாலரை அங்குலம் பற்றாது. பற்றினாலும், அளவு கொடுக்க வருகிறவர் அடுப்பில் ஏறித்தான் நிற்க வேண்டும். கணவர் எட்டு மாடி அலுவலகம் ஒன்றில் லிஃப்ட் ஓட்டுபவர். நல்ல மனிதர், ஆனால் நாளெல்லாம் மேலயா கீழயா என்று கேட்டுப் பழகி, வீட்டிலும் யாராவது ஒரு மாடியைச் சொன்னால்தான் அசைவார். "வெளியில எங்கயாவது இடம் பாரேன்" என்றார். இடத்துக்கு எங்கே போவது? தெருவில் இருப்பது முப்பது கடை. அப்பனிடமிருந்து மகனுக்கு, மாமனிடமிருந்து மருமகனுக்கு என்று கைமாறுமே தவிர, காலியானதாகச் சரித்திரம் இல்லை. ஆக, கல்யாணத்துக்குள் ஓர் இடம் கிடைக்க வேண்டும்; இல்லாவிட்டால் மிஷினை விற்க வேண்டும். நாத்தனார் அதற்கு ஆளே பார்த்து வைத்திருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் வியாபாரிகள் சங்கத்துக்கு, சிறு தொழில் செய்பவர்களுக்குப் பாடம் நடத்தச் சொல்லி ஒரு மானியம் வந்தது. சங்கச் செயலாளர் பெயிண்டும் ஆணியும் விற்பவர். அவர் மனதில் இருந்தது நாற்பது நாற்காலி, ஒரு கரும்பலகை, தன்னுடைய தலைமையுரை. ஆனால் பாடம் நடத்த அழைத்தது கணினி டீச்சரை. தலைமையாசிரியரிடம் எதையோ முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் பள்ளியை விட்டு வந்தவர் அந்த அம்மாள். சொன்னது என்ன என்பதில் தெருவில் மூன்று விதமான பேச்சு உண்டு. நாற்காலியில் உட்கார வைத்தால் தூங்குவார்கள் என்றார் டீச்சர். இதே தெருவை அப்படியே கணினிக்குள் கட்டுகிறேன். தலையில் ஒரு கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டால் அவரவர் கடைக்குள் அவரவர் நிற்கலாம். வாடிக்கையாளர் வருவார்கள், பேரம் பேசுவார்கள், கழுத்தை அறுப்பார்கள், எல்லாம் நடக்கும். "அங்க தோத்துப் பழகுங்க. இங்க தோத்தா வீடு தாங்காது" என்றார். முந்நூறு அடித் தெருவைக் கடை கடையாக அளக்க ஆள் வேண்டியிருந்தது. தச்சர் கூலி கேட்டார். கொத்தனார் தேதி கேட்டார். அளவுக்காரி மட்டும் பார்த்துக் குடுங்க என்றாள். செயலாளர் பார்த்தார். ஒரு கப் டீ கொடுத்தார்.

பெயிண்ட் கிடங்குக்கு மேலே இருந்த அறையில் ஏழு வாரம் டீச்சர் தெருவைக் கட்டினார். அந்த வேலையின் நேர்த்தியை எதிரிகள்கூட ஒப்புக்கொண்டார்கள். தேய்ந்த படி தேய்ந்தே இருந்தது, டீக்கடை பெஞ்சின் ஆடுகிற கால் அங்கேயும் ஆடியது. வாடிக்கையாளர்கள் பதினொரு பேரைச் செய்தார்: எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்து எதையும் வாங்காதவர், ஆறு மாதம் உடுத்திவிட்டுச் சாயம் போச்சு என்று திருப்பிக் கொண்டுவருபவர், பக்கத்துக் கடையில் குறைவு என்பவர். இந்தக் கடைசி அம்மாளை எல்லோருக்கும் அடையாளம் தெரிந்தது, அவருடைய கணவரான செயலாளரைத் தவிர. வகுப்பு தொடங்கிய இரண்டாம் நாள், அறையைப் பெருக்குகிறவர் புகார் சொன்னார்: கண்ணாடி மாட்டிக்கொண்டு நாற்காலியை விட்டு எழாதவர்களின் செருப்பிலிருந்து இத்தனை மண் எப்படி உதிர்கிறது என்று. கூடுதல் கூலி கேட்டார், கொடுத்தார்கள்.

முதல் முறை தெருவைச் சுற்றிவந்த பூட்டுக்காரர், கண்ணாடியைக் கழற்றாமலே, தனக்குப் பக்கத்துக் கடை யாருடையது என்று கேட்டார். சலவைக்காரருடையது என்றார் டீச்சர். "அவர் அந்தாண்ட இருக்காரும்மா. நடுவுல ஒண்ணு இருக்கே, அது யாரோடது?"

டீச்சர் எட்டிப் பார்த்தார், கணக்கைப் பார்த்தார், அளவுக்காரியைக் கூப்பிட்டனுப்பினார். சங்கப் பத்திரத்தில் கடைக்குப் பத்தடி. முப்பது கடைக்கு முந்நூறு. அளவுக்காரியின் நோட்டில் தெரு முந்நூற்றுப் பத்தடி. அவளுடைய டேப் ஐந்தடிதான். கடைக்கு இரண்டு முறை வைத்திருக்கிறாள். வைத்த ஒவ்வொரு முறையும் இரண்டு அங்குலம் சேர்த்து எழுதியிருக்கிறாள்.

"தையலுக்கு விடணும்ல டீச்சர். இந்த ஓரத்துக்கு ஒரு இஞ்ச், அந்த ஓரத்துக்கு ஒரு இஞ்ச்."

"சுவத்துக்கு எதுக்குக்கா தையல்?"

"கைப்பழக்கம்" என்றாள் அளவுக்காரி, முகம் சிவந்துபோய். "இறுக்கிப் பிடிச்சுத் தைச்சுட்டா நாளைக்குப் பிரிச்சு விட வழியிருக்காதே."

டீச்சர் கடைகளைப் பத்திரப்படி பத்தடியாக வைத்து, தெருவின் நீளத்தை நோட்டின்படி வைத்திருந்தார். நடுவில் சந்து பொந்து விடாதே என்று கணினிக்கு உத்தரவு. அதுவும் சொன்ன பேச்சைக் கேட்டு, முப்பது கடையின் மிச்சத்தையும் ஓரிடத்தில் ஒதுக்கி ஷட்டர் போட்டு மூடிவிட்டது. அளவுக்காரி மன்னிப்புக் கேட்கத் தொடங்கினாள். டீச்சர் கையமர்த்தினார். "இது நீங்க விட்ட இடம்க்கா. நீங்களே உக்காருங்க." ஷட்டருக்கு ஒரு சாவி வேண்டுமே என்று, அளவுக்காரியின் மிஷின் டிராயர் சாவியைப் பார்த்து அதேபோல ஒன்றை வரைந்து கொடுத்தார்.

மற்றவர்கள் தங்கள் கடையில் பழகினார்கள். அவளோ, இல்லாத கடையில் பழகினாள். வியாபாரம் நொடிக்க நொடிக்கக் கடையின் விளக்கு மங்கும், கடைசியில் அணைந்துபோகும். டீச்சரின் ஏற்பாடு. முதல் வாரத்திலேயே அவள் விளக்கு மூன்று முறை அணைந்தது. மடிப்புக் கலையாத துணியைக் கொண்டுவந்து பழைய துணி என்ற ஆசாமிக்கு இனாமாகத் தைத்துக் கொடுத்ததோடு, வாசல்வரை போய் வழியனுப்பினாள். "தொகையைச் சொல்லுங்க. சொன்னதும் கத்தரிக்கோலை எடுத்து வேலையைப் பாருங்க. அவங்க மூஞ்சியைப் பார்க்காதீங்க" என்று டீச்சர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. தனியாக இருக்கும்போது தொகை சரளமாக வந்தது. பாத்திரம் துலக்கும்போது குழாயிடம் சொன்னாள்; குழாய் பேரம் பேசவில்லை. ஆள் முன்னால் நின்றால் நாக்கு மடங்கிக்கொண்டது. ஏழு முறை கடை மூடினாள். எட்டாவது முறை ஒருவர் வந்தார்; வலது தோள் அரை அங்குலம் இறங்கியவர், கோட்டுத் துணி கொண்டுவந்திருந்தார். இவரை எப்படிச் செய்தீர்கள், தோளைக்கூட விடவில்லையே என்று அளவுக்காரி வியந்தபோது, டீச்சர் தன் பட்டியலைப் பார்த்தார். அவர் செய்தது பதினொரு பேர். இது பன்னிரண்டாவது. பட்டியலை மடித்து வைத்துவிட்டு, "கடைன்னு ஒண்ணு தெறந்தா ஆள் வரத்தானே செய்வாங்க" என்று சொல்லி விட்டுவிட்டார்.

இதற்குள் கீழே சண்டை முற்றியிருந்தது. நடுவிலே முளைத்த கடை தன் சுவரை ஒட்டியது, தனக்குத்தான் என்றார் பூட்டுக்காரர். சுவருக்கு இரண்டு பக்கம் உண்டு என்றார் சலவைக்காரர். இல்லாத கடைக்காக இருவரும் இருக்கிற ஸ்டூலைத் தூக்கினார்கள். புதன்கிழமை மானியம் கொடுத்தவர்கள் பார்வையிட வருவதாக இருந்தது. நிஜத் தெருவும் பயிற்சித் தெருவும் ஒத்துப்போக வேண்டும். யாருக்கும் வேண்டாம், அழித்துவிடுவோம் என்று திங்கட்கிழமை மாலை சங்கம் தீர்மானம் போட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் கல்யாணம்.

செயலாளர் மாடி ஏறி வந்தபோது அளவுக்காரி கண்ணாடிக்குள் இருந்தாள். தோள் இறங்கியவர் கோட்டைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். தோள் ஏற்றத்தாழ்வு தெரியாமல் உட்கார்ந்திருந்தது. கையை முன்னால் நீட்டி மடக்கினார், திருப்தியாகத் தலையாட்டினார், "எவ்வளவு?" என்று கேட்டார். அளவுக்காரி தரையைப் பார்க்கவில்லை. தொகை வயிற்றிலிருந்து கிளம்பித் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. டீச்சர் ஐந்தே நிமிடம் கேட்டார். "அஞ்சு நிமிஷத்துல என்னம்மா ஆகிடப் போகுது?" என்று சொல்லி செயலாளரே பொத்தானை அமுக்கினார். விளக்கு, ஷட்டர், கோட்டு, ஆள் எல்லாம் போயின. அளவுக்காரி கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனாள். சொல்லாத தொகை மீன்முள்ளாய் நின்றதில் சாப்பாடு இறங்கவில்லை. முன்னறையில் மிஷினைப் பழைய போர்வையால் சுற்றி, வாங்குகிறவருக்குத் தயாராக வைத்திருந்தார்கள்.

மறுநாள் காலை முதலில் பார்த்தது சலவைக்காரர். தெரு மாறி வந்துவிட்டோம் என்று வீட்டுக்குத் திரும்பிப் போய், முகம் கழுவிக்கொண்டு மறுபடி வந்தார். கடை அப்போதும் இருந்தது. அங்கே அழித்தார்கள், அதுவும் எங்கேயாவது போக வேண்டுமே என்று டீச்சர் விளக்கம் சொன்னார். அதைவிட நல்ல விளக்கம் இன்றுவரை வரவில்லை. செயலாளர் இரும்பு டேப்போடு வந்தார். தெருவைக் கோடிக்குக் கோடி அளந்தால் முந்நூறு அடி. கடை கடையாக அளந்து கூட்டினால் முந்நூற்றுப் பத்து. மூன்று தடவை அளந்துவிட்டு டேப்பைக் கடைக்கு அனுப்பி வேறு டேப் வரவழைத்தார். பிறகு நகராட்சி ஆள் வந்து, டீ குடித்து, இரண்டு அளவும் சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, கதவிலக்கம் பன்னிரண்டு-அ என்று ஒரு தகடு அடித்துவிட்டுப் போனார். பூட்டுக்காரர் நாற்பத்தாறு சாவி போட்டுப் பார்த்தார். தொழில் தொடங்கிய நாளிலிருந்து அவர் இப்படி வியர்த்து யாரும் பார்த்ததில்லை. நாற்பத்தேழாவதாக அளவுக்காரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, மிஷின் டிராயர் சாவியைப் போட்டாள். ஷட்டர் சத்தமில்லாமல் மேலே போயிற்று. உள்ளே அவள் கண் பழகிய அலமாரி, அவள் கண் பழகிய மேஜை. திரும்பிப் பார்த்தால், தெருமுனையில் லிஃப்ட்காரர் வந்துகொண்டிருந்தார். தோளில் மிஷின், பின்னால் போர்வை தரையில் இழுபட. யாரும் எந்த மாடியையும் சொல்லியிருக்கவில்லை.

புதன்கிழமை வந்த அதிகாரிகள், பயிற்சித் தெருவில் ஒரு கடை குறைகிறதே என்று குறிப்பெழுதினார்கள். டீச்சர் செயலாளரைப் பார்க்காமலே அந்தக் கடையை இரண்டு நிமிடத்தில் திரும்ப வைத்தார்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்குக் கோட்டுப் போட்ட ஒருவர் தெருவில் நடந்து வந்தார். வலது தோள் அரை அங்குலம் இறங்கியிருந்தது; கோட்டு அதைக் காட்டவில்லை. எந்தப் பக்கமிருந்து வந்தார் என்பதில் இன்னும் ஒத்த கருத்து இல்லை. பன்னிரண்டு-அ வாசலில் நின்று, "அன்னைக்குக் கேட்டேன், நீங்க சொல்லவே இல்லையே. எவ்வளவுங்க?" என்றார். பூட்டுக்காரர் இந்தப் பக்கமிருந்து தலையை நீட்டினார். சலவைக்காரர் அந்தப் பக்கமிருந்து. அளவுக்காரி அவர் முகத்தைப் பார்த்துத் தொகையைச் சொன்னாள். சலவைக்காரர் கையிலிருந்த இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டார். அவள் கத்தரிக்கோலை எடுத்து, விரித்திருந்த துணியில் வேலையைத் தொடர்ந்தாள். கத்தரிக்கோல் ஒரு முழத் துணியைக் கடக்கும் வரை தெருவில் வேறு சத்தமில்லை. அவர் பர்ஸைத் திறந்து, சொன்ன தொகையைச் சொன்னபடி வைத்தார். அந்த நோட்டு செல்லுமா என்று நாத்தனார் கேட்டாள். வங்கியில் வாங்கிக்கொண்டார்கள்.

இது நடந்து பதினான்கு வருடம். டீச்சர் அதன்பின் ஒன்பது ஊர்களுக்குப் பயிற்சித் தெரு கட்டிக் கொடுத்திருக்கிறார். எங்கே போனாலும் அளவெடுக்கத் தையல்காரர்தான் வேண்டும் என்கிறார், கூலியை முதலிலேயே பேசிவிடுகிறார். வங்கி மேலாளரின் மனைவி இப்போதெல்லாம் குடையைக் கடைக்கு வெளியிலேயே வைத்துவிட்டு உள்ளே வருகிறார். தோள் இறங்கியவர் வருடத்துக்கு இரண்டு முறை வருகிறார். எங்கே இருக்கிறீர்கள் என்று யாரும் அவரைக் கேட்பதில்லை. தெரிந்தவரைப் போய் யார் அப்படிக் கேட்பார்கள்? போன தடவை கொஞ்சம் சதை போட்டு, கோட்டு இறுக்குகிறது என்று சங்கடப்பட்டார். அளவுக்காரி ஓரத்தைப் பிரித்து விட்டுக் கொடுத்தாள். உள்ளே துணி இருந்தது.