ஐந்தரை மணிப் படபடப்பு

வாணியம்பாடி காஷிஃபா தன் ஆராய்ச்சிக்காகக் காவலூர்ப் பக்கத்து ஊர் ஒன்றில் இருபது பேருக்குக் கைப்பட்டை கட்டிவிட்டிருந்தாள். இதயத் துடிப்பையும் தோலின் வியர்வையையும் வைத்து, அன்றாடப் பொழுதில் மன அழுத்தம் எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்று அது பதிந்துகொள்ளும்.

இரண்டாம் வாரம் மடிக்கணினியில் பார்த்தபோது ஒரு வீட்டின் பதிவு அவளைக் கவலைப்பட வைத்தது. சாமை பயிரிடும் சின்னராசுவுக்கும் அவர் மனைவி பாஞ்சாலைக்கும் தினமும் மாலை ஐந்தரைக்கு, ஒரே நேரத்தில், கோடு செங்குத்தாக ஏறியது. ஆறேகாலுக்கு இறங்கியது. அந்த நேரத்தில் சண்டை போட்டுக்கொள்கிறார்களோ?

மறுநாள் சின்னராசு சாமைக் கொல்லைக்குப் போயிருந்த நேரம் பார்த்துப் பாஞ்சாலையிடம் கேட்டாள்.

“சாயங்காலம் வூட்ல ஏதாவது பிரச்சினையாக்கா?”

“அந்நேரத்துக்கு நான் வூட்லயே இருக்கறதில்லயே.” பாஞ்சாலை குரலைத் தாழ்த்தினாள். “அங்கன்வாடி பிரியதர்ஷினி ஸ்கூட்டர்ல ஓட்டிப் பழகறேன். அவருக்குத் தெரிஞ்சா பயந்துக்கினு வேணான்னுடுவாரு. சொல்லிடாத பாப்பா.”

அன்று மாலை, பாஞ்சாலை வண்டி பழகும் பள்ளி மைதானத்துக்குக் காஷிஃபாவும் போனாள். பாஞ்சாலை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி வட்டமடித்தாள். அப்போதுதான் ஓரத்துப் புளியமரத்தின் பின்னால் ஒரு தலை தெரிந்தது. சின்னராசு. வண்டி ஆடும்போதெல்லாம் மரத்தை இறுகக் கட்டிக்கொண்டார்.

நான்காம் சுற்றில் வண்டி வழிமாறிப் புதருக்குள் போய்ச் சிக்கி நின்றது. சின்னராசு ஓடிவந்தார்.

“அடி பட்டுச்சா?”

“இல்ல. நீங்க இன்னா பண்றீங்க இங்க?”

“பத்து நாளா வர்றேன். எதிர்ல வந்து நின்னா நீ ஓட்டறத வுட்டுடுவியோன்னு ஒளிஞ்சி நின்னேன். வூட்ல இருக்கவும் மனசு கேக்கல.”

பாஞ்சாலை முறைத்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இருவருமாக வண்டியை வெளியே இழுத்தார்கள்.

“பின்னால ஏறுங்க,” என்றாள்.

கொஞ்சம் தயங்கி, ஏறினார்.

அன்று இருவர் கோடும் ஏழு மணிவரை இறங்கவில்லை. பயமா, சந்தோஷமா என்று பிரித்துச் சொல்லப் பட்டைக்குத் தெரியவில்லை. அதனால் காஷிஃபா தன் படிவத்தில் புதிதாக ஒரு கேள்வியைச் சேர்த்தாள்: ‘அந்த நேரம் உங்களுக்குப் பிடித்திருந்ததா?’

பாஞ்சாலை உடனே ஆமாம் என்றாள்.

“எறங்கனப்புறம் புடிச்சிருந்திச்சி,” என்றார் சின்னராசு.