வேம்புலி தின்ற காப்பு

பொன்னியம்மாவின் மகன் வேம்புலி, மாநில அணிக்குக் கால்பந்தாடிக் கல்கத்தா வரை போய்வந்தவன். பேப்பரில் அவன் படம் வந்தால் ஆவடி குவார்ட்டர்ஸ் பிள்ளைகள்கூட வெட்டி வைத்துக்கொள்ளும். "அந்தக் காலு எங்க வம்சத்துது" என்பார் அவள் புருஷன் வீராசாமி. பொன்னியம்மா விடமாட்டாள். "நெற வயித்தோட சேத்துல எறங்கி நாத்து நட்டவ நானு. உள்ளயே ஒதைச்சிப் பழகிகினான்." அந்த வயல்களில் இப்போது தொழிற்பேட்டைக் கொட்டகைகள். அவளும் அங்கேதான் பெட்டி ஒட்டப் போகிறாள்.

எண்பத்தெட்டாம் வருஷம் வைகாசிக் காற்றில் அவர்கள் ஊரான கள்ளிக்குப்பத்துப் பள்ளிக்கூடக் கூரை பறந்துபோனது. பிள்ளைகள் வெயிலில் குந்திப் படிப்பதைப் பார்க்க வேம்புலிக்குப் பொறுக்கவில்லை. ஆவடி அணியை அழைத்து ஊர் மைதானத்தில் ஓர் ஆட்டம் வைத்தான். வசூலெல்லாம் கூரைக்கு. சுவரெங்கும் அவன் பெயர்தான்.

ஒரு பிசகு செய்தான், பாருங்கள். ஆடி மாதத்தில் நாள் குறித்துவிட்டான். வெள்ளிக்கிழமை அம்மனுக்குக் காப்புக் கட்டு, ஞாயிற்றுக்கிழமை கூழ் வார்ப்பு, நடுவில் சனிக்கிழமை ஆட்டம். அந்த வருஷம் கரகம் எடுக்கும் முறை அவர்கள் வீட்டுக்கு. வீராசாமிக்கு முட்டி வலி என்று மகன் கையை நீட்டினான். பூசாரி துலுக்கானம் விரலி மஞ்சளை நூலில் கோத்து அவன் மணிக்கட்டில் முடிந்துவிட்டார். கூழ் வார்த்து முடியும்வரை அந்த முடிச்சை அவிழ்க்கக் கூடாது.

சனிக்கிழமை மைதானம் கொள்ளாத கூட்டம். நடுவர் திருவேங்கடம் சொந்த மருமகனையே ஆட்டத்திலிருந்து வெளியேற்றிய மனுஷன். வேம்புலியின் கையைப் பிடித்துப் பார்த்தார்.

"இன்னாபா இது? கழட்டு."

"காப்பு சார். நாளைக்குத்தான் அவுக்கணும்."

"போன மாசம் ஒருத்தன் மோதரம் கிழிச்சி இன்னொருத்தனுக்குக் கண்ணாண்ட ஏழு தையலு. இது கல்லு மாரி கீது. கழட்டுனா ஆடு, இல்லாங்காட்டி வெளிய குந்து."

"மேல துணி சுத்திக்கிறேன் சார்."

"துணிக்குள்ள இருந்தாலும் கல்லு கல்லுதான்."

விஷயம் கூட்டத்துக்குப் பரவியது. "வேம்புலி இல்லாம இன்னா மேட்ச்சு? துட்டத் திருப்பிக் குடு நைனா" என்று வாசலில் குரல் கிளம்பியது. பொன்னியம்மா மகன் முகத்தைப் பார்த்தாள். அவிழ்த்தால் அம்மன் குத்தம். அவிழ்க்காவிட்டால் கூரை இல்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி உள்ளே நடந்தாள்.

"ஏன் சார், நூலு யாரையாவது கிழிக்குமா?"

"நூலு இன்னா பண்ணும்? கிழங்குதான் ஆவாது."

அவள் மகன் பக்கம் திரும்பினாள். "கடிடா."

"இன்னாமா?"

"மஞ்சளக் கடிச்சித் தின்னு. நூலு கையிலயே கெடக்கட்டும். அம்மன் கையில இருந்தா இன்னா, வயித்துல இருந்தா இன்னா."

எல்லோரும் துலுக்கானத்தைப் பார்த்தார்கள். அவர் தலையைச் சொறிந்தார். "அவுக்கக் கூடாதுன்னுதான் சொல்லிகீறாங்கோ. தின்னக் கூடாதுன்னு எவனும் சொல்லல."

வேம்புலி மணிக்கட்டை வாயில் வைத்தான். காய்ந்த விரலி மஞ்சள் லேசில் உடைகிறதா? அவன் கடக்கு கடக்கென்று மெல்ல, ஊரே பார்த்துக்கொண்டு நின்றது. "நிதானமாத் தின்னு மச்சான், எங்களுக்கு இன்னிக்கி லீவுதான்" என்றான் ஆவடி கேப்டன் பால்ராஜ். திருவேங்கடம் வெறும் நூலை இழுத்துப் பார்த்துவிட்டு விசில் ஊதினார். வேம்புலி இரண்டு கோல் போட்டான். போட்டுவிட்டுச் சிரித்தபோதெல்லாம் மஞ்சள் பல்லைப் பார்த்து மைதானமே சிரிப்பில் உருண்டது.

ஐப்பசி மழைக்குப் பிள்ளைகள் புதுக் கூரையின் கீழ் நனையாமல் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த ஆடியிலும் ஆட்டம் வைத்தார்கள், பெஞ்சு வாங்க. காப்புக் கட்ட வந்த துலுக்கானம் மடியிலிருந்து ஒரு பச்சை மஞ்சள் துண்டை எடுத்தார்.

"இத்தக் கட்டிக்கோ நைனா. மெல்லறதுக்கு சுளுவா இருக்கும்."