வானத்தைப் பார்க்கச் சொன்னார்கள்

தோள்பட்டை இரண்டும் கழன்று விழுந்துவிடும்போல இருந்தது தெசாங்காவுக்கு. காலையிலிருந்து ஈர விரிப்புகளை உருளை இஸ்திரிக்குள் தள்ளிக்கொண்டே இருக்கிறாள். போர் தொடங்கிய இந்த ஒரு மாதத்தில் விரிப்புகள் இரட்டிப்பாகிவிட்டன. பக்கத்து விமானப்படைத் தளத்தில் இடம் போதாமல் விமானிகளைச் சுற்றுவட்டார விடுதிகளில் தங்கவைத்திருந்தார்கள். அவர்கள் படுத்து எழுந்த துணியெல்லாம் முதலாளி பேப்பியின் சலவைக்கூடத்துக்குத்தான் வந்தது. செர்பியாவிலிருந்து பிழைக்க வந்து ஒன்பது வருடமாக இத்தாலிக்காரர்களின் அழுக்கை வெளுத்தவள், இப்போது தன் ஊர்மேல் குண்டு போடுகிறவர்களின் வியர்வையை வெளுத்தாள். வியர்வையில் ஒரு வித்தியாசமும் இல்லை. யாருடையதாக இருந்தாலும் அதே நாற்றம்தான்.

விமானங்கள் கூரைக்கு மேலேதான் ஏறும். வெறுமனே பயிற்சிக்குப் போகிறவை சட்டென்று ஏறிவிடும். சுமையோடு போகிறவை முக்கி முனகி ஏறும். கொதிகலன் அறையின் கண்ணாடி அதிரும். அதிர்ந்த உடனே தெசாங்கா கழிப்பறைக்குப் போகிறவள்போல நடைவழிக்குப் போவாள். அங்கே சுவரில் தொலைபேசி. செர்பியாவில், வல்யேவோ ஊரில் இருக்கும் தங்கை ரூஷாவின் எண்ணைச் சுழற்றி, மூன்று முறை அடிக்கவிட்டு வைத்துவிடுவாள். மூன்று அடித்து நின்றால் கிளம்பிவிட்டன என்று பொருள். நான்காவதும் அடித்தால் மட்டும் எடுத்துப் பேசவேண்டும். ரூஷாவின் கணவனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. நான்காவது மாடியிலிருந்து அவனை முதுகில் சுமந்து, மாடிக்கு மாடி மூச்சு வாங்கி, நிலவறைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க நாற்பது நிமிடம் ஆகும். அபாயச் சங்கு அவ்வளவு நேரம் தருவதில்லை.

போன வாரம் தொலைக்காட்சியில் தள வேலியோரம் நின்று விமானங்களை எண்ணுகிறவர்களைக் காட்டினார்கள். அதில் எதிரிக்குத் தகவல் சொல்கிறவர்களும் இருக்கலாம் என்றார்கள். பேப்பி அன்று சாப்பாட்டு மேசைக்கு வந்து நின்றார்.

"நம்ம கூடத்துல அந்த மாதிரி யாரும் இல்லல்ல? தளத்து ஒப்பந்தம் போச்சுன்னா பதினாலு பேரும் தெருவுலதான்."

"இங்க எண்ணறதுக்கு விரிப்பே சரியா இருக்கு மொதலாளி," என்றாள் கூட வேலை செய்யும் இனேஸ். எல்லோரும் சிரித்தார்கள். தெசாங்காவும் சிரித்தாள்.

செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்குப் படப்பிடிப்பு ஆட்கள் வந்தார்கள். ஒரு பெண் நிருபர், கேமராக்காரன், ஒலிக்கருவியோடு ஒருவன். போரைப் பற்றி உழைக்கும் மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்கவேண்டுமாம். இனேஸ் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு முன்னால் போனாள்.

"போர் வேண்டாம்மா. யாருக்கு வேணும்? ஆனா அந்த செர்பியாக்காரங்களும் கொஞ்ச நஞ்சமா ஆடுனாங்க? நாங்க பாத்துட்டுத்தானே இருந்தோம்." பிறகு சட்டென்று, "எங்கள ஏன் கேக்கறீங்க? அதோ நிக்கறா பாருங்க, அவ அந்த ஊர்க்காரிதான்."

நிருபரின் முகம் மலர்ந்துவிட்டது. தெசாங்கா வேண்டாம் என்பதற்குள் ஒலிக்கருவிக்காரன் அவள் சட்டையில் ஒலிவாங்கியைக் குத்தி, வயரை இடுப்பில் செருகிவிட்டான். கேமராவுக்குப் பின்னால் பேப்பி உதட்டின்மேல் விரலை வைத்துக் காட்டினார்.

"குண்டு போடறத ஆதரிக்கறீங்களா, எதிர்க்கறீங்களா? ஒரே வார்த்தையில சொன்னா போதும்."

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நான் துணி தொவைக்கறவ."

அப்போது கண்ணாடி அதிர்ந்தது.

"நிறுத்தாத, நிறுத்தாத! இந்தச் சத்தத்தோடயே எடு," என்றாள் நிருபர். "அம்மா, அப்படியே மேல பாருங்க."

தெசாங்கா மேலே பார்த்தாள். ஒன்று. இரண்டு. நடைவழி பத்தடி தூரம். வயரைப் பிடுங்கிவிட்டு நடந்தால் கேமரா கூடவே வரும். யாருக்கு அடித்தாய், ஏன் பேசாமல் வைத்தாய் என்று கேட்பார்கள். வேலை போகும், தங்கும் அனுமதிச் சீட்டு போகும், போலீஸ் வரும். நான்கு. ஐந்து. முடிந்ததும் போகலாம் என்று நினைத்தாள். இரண்டு நிமிட வேலைதானே.

"ரொம்ப நல்லாயிருந்துது. இன்னொரு தடவை, சன்னலோரமா நின்னு," என்றார்கள். பிறகு விரிப்பை மடிப்பதுபோல ஒன்று. பிறகு வெளியே, மாலை வெளிச்சம் போவதற்குள், மலையைப் பார்ப்பதுபோல ஒன்று. பதினொன்று ஏறியிருந்தன. ஒலிவாங்கியைக் கழற்றும்போது மணி ஏழு ஆகப் பத்து நிமிடம்.

தொலைபேசிக்கு முன்னால் போய் நின்றாள். ஆறு எண்களைச் சுழற்றியும் விட்டாள். அப்போதுதான் அந்தக் கணக்கு மண்டையில் உறைத்தது. கிளம்பிய ஒரு மணி நேரத்தில் விமானங்கள் அங்கே போய்ச் சேரும். இப்போது அடித்தால் ரூஷா இப்போதுதான் கணவனை முதுகில் தூக்குவாள். குண்டு விழுகிற நேரத்துக்கு இரண்டாவது மாடிப் படியில் இருப்பாள். அந்தப் படிக்கட்டுச் சுவர் மேலிருந்து கீழ்வரை கண்ணாடி. அதற்கு அவன் கட்டிலிலேயே கிடக்கலாம். தெசாங்கா கருவியை மாட்டிவிட்டு இஸ்திரிக்குத் திரும்பினாள். மிச்சமிருந்த விரிப்புகளை ஒன்றுவிடாமல் தேய்த்தாள்.

எட்டு மணிச் செய்திக்கு எல்லோரும் சாப்பாட்டு அறையில் கூடினார்கள். நாட்டில் பாதிப் பேர் இப்படி, பாதிப் பேர் அப்படி என்று ஒரு வட்டம் போட்டுக் காட்டினார்கள். இனேஸ் சொன்னதில் 'போர் வேண்டாம்மா' மட்டும் வந்தது. அடுத்து தெசாங்கா. ஒரு வார்த்தை இல்லாமல், அண்ணாந்து பார்த்தபடி, விமானச் சத்தத்துக்கு நடுவே. 'தாய்நாட்டை நினைத்து ஏங்கும் செர்பியப் பெண்' என்றது குரல்.

"ஏய், மூஞ்சி நல்லா விழுந்திருக்குடி! சினிமாக்காரி கெட்டா," என்று முதுகில் தட்டினாள் இனேஸ்.

பிறகு தினமும் காட்டுகிற அந்தச் சாம்பல் நிறப் படம். மேலிருந்து தெரியும் ஒரு கூரை, நடுவில் குறிபார்க்கும் சிலுவைக் கோடு, சத்தமே இல்லாமல் ஒரு வெள்ளைப் பொறி. சற்றுமுன் கிடைத்த தகவல் என்று வாசித்த பட்டியலில் மூன்றாவதாக வல்யேவோ இருந்தது. பெயரைத் தப்பாக உச்சரித்தார்கள். தொழிற்சாலை ஒன்று என்றார்கள். ரூஷாவின் வீடு எந்தத் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் என்று அந்த அறையில் அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. அடுத்தது கால்பந்து.

"எங்க போற, உக்காரு," என்றார் பேப்பி. "இன்னைக்கு நல்ல புள்ளையா நடந்துகிட்ட."

"தங்கச்சிக்கு போன் பண்ணணும்," என்றாள் தெசாங்கா. ஒன்பது வருடத்தில் அந்தக் கூடத்தில் அவள் இதைச் சத்தமாகச் சொல்வது இதுதான் முதல் தடவை.

நடைவழியில் விளக்கு போடாமல் எண்ணைச் சுழற்றினாள். அடித்தது. இரண்டு. மூன்று. கை பழக்கத்தில் வைக்கப் போனது, பிடித்துக்கொண்டாள். நான்கு. ஐந்து. நிலவறையில் இருந்தால் கேட்காது. ஒன்பது. பத்து. உள்ளே கால்பந்துக்குக் கூச்சல் போட்டார்கள். அவள் எண்ணுவதை நிறுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஆறு மணிக்குக் கொடுத்திருக்க வேண்டிய மூன்று அடிகள். அவற்றை அவள் ரூஷாவுக்கு இன்னும் கொடுக்கவில்லை.